பூச்சுக்காரரை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்கள்

கேள்வி: 30 ஆண்டு பழைய எங்கள் தரைத்தள வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்கிறோம். சுவர் எழுந்து, மேல்கூரையும் போட்டாயிற்று. அடுத்த வாரம் பூச்சு வேலை. மாடியில் இரண்டு குளியலறைகள். ஒன்று கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே, இன்னொன்று மறுகோடி மூலையில். அதன் கீழே வரவேற்பறை இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்கப் பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு). பிளம்பரிடம் வரைபடம் கேட்டால் சிரிக்கிறார். "பைப்பை வாங்கிக் கொடுங்க, மீதியை நான் பாத்துக்கிறேன்" என்கிறார். எந்த பைப் வாங்குவது? கீழே உள்ளதையும் மாற்ற வேண்டுமா? மகளுக்கு மாடியில் பெரிய மழை ஷவர் வேண்டுமாம், சரிவருமா? இன்னொரு சின்ன விஷயம். கீழே வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போது குளியலறைத் தரை ஓட்டையில் களக் களக் என்று சத்தம் வரும், சற்று நேரத்தில் நாற்றமும் வரும். அது எங்களுக்குப் பழகிவிட்டது.

பதில்: வணக்கம் சகோதரி. பழகிவிட்டது என்று போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். எந்த பைப் வாங்குவது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை.

தரை ஓட்டைக்குக் கீழே டிராப் என்ற வளைந்த பைப் ஒன்று இருக்கிறது. அதன் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சுமார் 50 மி.மீ. ஆழமுள்ள அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் எஸ் வளைவு வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அன்று முதல் இன்றுவரை தத்துவம் மாறவில்லை. மெஷின் ஒரே மூச்சில் தள்ளும் தண்ணீர் பைப்பை நிறைத்துக்கொண்டு ஓடும்போது, பின்னால் காற்று வர வழி இல்லையென்றால் அருகிலிருக்கும் டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். களக் களக் என்று கேட்பது அந்த உறிஞ்சல். பிறகு வரும் நாற்றம் கதவு திறந்துகிடப்பதற்கு அடையாளம்.

அதாவது, உங்கள் பழைய கழிவு லைனில் காற்று வந்துபோகும் வென்ட் பைப் இல்லை, அல்லது இருப்பது அடைபட்டிருக்கிறது. ஒரு மெஷினுக்கே திணறும் லைனில் மாடியிலிருந்து இரண்டு கழிப்பறையையும் இரண்டு குளியலறையையும் கொண்டுவந்து சேர்த்தால் என்ன ஆகும்? பிளம்பருக்கு மனதில் இருக்கும் திட்டம் அநேகமாக அதுதான். நேர் மேலே குளியலறை இருப்பதால் கீழே இருக்கிற பைப்பில் ஒரு டீ வடிவ இணைப்பைப் போட்டு இறக்கிவிடலாம் என்று நினைப்பார். தயவுசெய்து விடாதீர்கள். மேலிருந்து விழும் கழிவு அடியில் திரும்பும் இடத்தில் காற்றழுத்தம் கூடும். அந்த இடத்தில் கீழ்த்தளக் கிளை சேர்ந்திருந்தால் இப்போது உறிஞ்சும் டிராப் அப்போது கொப்பளித்துத் துப்பும். கீழ்த்தளக் குளியலறை தன் வழியில் தனியாகச் சேம்பருக்கு, அதாவது கழிவு லைன்கள் வந்து சேரும் வெளிக்குழிக்கு, போகட்டும். மாடிக்கு வெளிச்சுவரை ஒட்டிப் புதிதாக 110 மி.மீ. பைப் ஒன்று இறங்கி, அதுவும் நேரே சேம்பருக்குள் போகட்டும். அடியில் திரும்பும் இடத்தில் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டுகள், திறந்து குத்துவதற்கு ஒரு மூடி. அதே பைப் மேலே மொட்டைமாடியைத் தாண்டி, அளவு குறையாமல், வாய் திறந்தபடி நிற்க வேண்டும். அதுதான் வென்ட். ஜன்னலுக்குப் பக்கத்திலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் அதன் வாய் வரக்கூடாது. கீழ்க் குளியலறையின் லைனுக்கும் இதே வேளையில் ஒரு சிறு வென்ட் எடுத்துவிட்டால் உங்களுக்குப் பழகிப்போனது போய்விடும்.

மறுகோடிக் குளியலறைதான் சிக்கல். அந்தக் கழிவை வரவேற்பறைக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டு இந்தப் பக்கம் கொண்டுவரலாம் என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் பார்ப்போம். 50-க்கு 1 என்று வாட்டம், அதாவது சரிவு, கொடுத்தால் 8 மீட்டர் ஓட்டத்துக்கு 16 செ.மீ. இறங்க வேண்டும். அதை மறைக்கப் பொய்க் கூரை போட வேண்டும். விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேல் கழிவு ஓடும் சத்தம் கேட்கும். ஒரு இணைப்பு கசிந்தால் சோபாவின் மேல் சொட்டும். மூலையறை என்பதால் அதற்கு வெளிச்சுவர் இருக்கும். அந்தப் பக்கமே தனியாக ஒரு பைப் இறக்கி, அடியில் ஒரு புதுச் சேம்பர் கட்டி, மண்ணுக்குள் வாட்டம் கொடுத்துப் பழைய சேம்பரோடு சேருங்கள். பைப் கூடுதலாகச் செலவாகும்தான். பைப் எல்லாவற்றையும் விட மலிவு.

வாட்டம் குறைந்தால் அடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் தொல்லைதான். தண்ணீர் விரைந்து ஓடிவிடும், திடக்கழிவு பின்தங்கிக் காய்ந்து ஒட்டிக்கொள்ளலாம். 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை என்பது 110 மி.மீ. பைப்புக்கு நான் கடைப்பிடிக்கும் எல்லை. பிளம்பர் கண் அளவில் வைக்கிறேன் என்றால் ரசமட்டத்தைக் கையில் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புதிதாகக் கட்டும் வீட்டில் குளியலறைப் பகுதியில் தளத்தைப் பள்ளமாக இறக்கிப் போடுவார்கள், பைப்பெல்லாம் அந்தப் பள்ளத்தில் ஓடும். உங்கள் மாடிக் குளியலறையின் தரையோ பழைய மொட்டைமாடி. அங்கே பள்ளம் ஏது? அதனால் பலரும் செய்வது, தரையை ஒன்றிரண்டு படி உயர்த்தி உள்ளே உடைசெங்கலைக் கொட்டுவது. 30 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். மொட்டைமாடியாக மட்டும் இருக்கட்டும் என்று போட்ட தளம் அது. கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அதன் மேல் ஒரு கூடைச் செங்கலும் போக வேண்டாம்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். கழிப்பறைக்குப் பி டிராப் மாடல் வாங்குவேன். அதன் வெளிவாய் தரைக்குள் இறங்காமல் பின்பக்கச் சுவரைத் துளைத்து நேரே வெளியே போகும். வாயின் மையம் பெரும்பாலான மாடல்களில் டைல் போட்டு முடிந்த தரையிலிருந்து 180 மி.மீ. உயரத்தில் இருக்கும். இதனால் பெரிய பைப்புக்குத் தளத்தை உடைக்கும் வேலையே மிச்சம். மீதமிருப்பது குளிக்கும் தண்ணீர் மட்டும். உயரம் குறைந்த ஃப்ளோர் டிராப் வைத்து, 75 மி.மீ. பைப்பில் வாட்டம் கொடுத்து வெளிச்சுவர் வழியாக எடுத்தால் தரை ஏறக்குறைய 15 செ.மீ. உயர்ந்தால் போதும், ஒரு படி. நிரப்புவதற்கும் எடை குறைந்த பொருளைப் பொறியாளரிடம் கேட்டு வாங்குங்கள். நிரப்பும் முன் பழைய தளத்தின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்துக் கீழே ஓதம் காண்கிறதா என்று பார்ப்பது, பைப் ஓடி முடிந்தபின் மறுபடி ஒரு பூச்சு. இந்த வரிசையில் எதையும் சுருக்காதீர்கள். உத்தரத்தைத் துளைத்துத்தான் பைப் போக முடியும் என்ற நிலை வந்தால், பைப்தான் சுற்றிப் போக வேண்டும்.

இனி நல்ல தண்ணீர். கீழ்த்தள ஜிஐ பைப்பை மாற்றத்தான் வேண்டும். 30 ஆண்டில் துத்தநாகப் பூச்சு போய் உள்ளே துரு மேடுமேடாகக் கட்டியிருக்கும். காலையில் முதல் செம்புத் தண்ணீர் செம்பழுப்பாக வருகிறதா என்று பாருங்கள். தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம், கடைசிக் குழாயில் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள், பைப்பின் உள்வாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அதுவே சொல்லும். ஆனால் மாற்றச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. இப்போது உங்கள் தொட்டி பழைய மொட்டைமாடியில் இருந்திருக்கும். மாடி கட்டியபின் அது இன்னொரு தளம் மேலே ஏறும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் என்பது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். 3 மீட்டர் ஏறினால் கீழ்த்தளக் குழாய்களில் 0.3 பார் கூடும். எண் சிறிதுதான். ஆனால் துருவே அடைப்பானாக இருந்து காப்பாற்றிவரும் பழைய மரைகளுக்கு இதுவே இருமடங்காக இருக்கலாம். மாடி குடிபுகுந்த மூன்றாம் மாதம் கீழ்ச்சுவர் ஓதம் காணும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுவதென்றால் பழையதைச் சுவரிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும் என்றில்லை. இரண்டு முனையையும் அடைத்து உள்ளேயே விட்டுவிட்டு, புது வழியில் புது பைப் ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: பழைய வீடுகளில் மின்சாரத்தின் எர்த் கம்பியை இந்த இரும்புப் பைப்பில் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் பைப் வந்த அன்றே எர்த் அறுந்துபோகும், யாருக்கும் தெரியாது. பைப்பில் கைவைக்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் அடித்தபின் பார்க்கிற விஷயமில்லை இது.

மகளின் ஷவருக்கு வருவோம். மாடிக் கூரை மேல் ஒரு மீட்டர் பீடத்தில் தொட்டி, ஷவர் தலை தரையிலிருந்து ஏழடியில் என்று வைத்துக்கொண்டால், தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் இடையே உள்ள உயரம் சுமார் 2 மீட்டர்தான். அதாவது 0.2 பார். அகலமான மழை ஷவர்களுக்குப் பெரும்பாலும் 1 பார் அளவுக்கு வேண்டும். இல்லாவிட்டால் மழை பெய்யாது, கூரை ஒழுகும். பைப்பைப் பெரிதாக்கினால் சரியாகும் என்பார்கள். பாதிதான் உண்மை. அரை அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குலம் போட்டால் உள்பரப்பு நான்கு மடங்காகும், வழியில் இழப்பு குறையும், ஆனால் தொட்டியின் உயரம் தராத அழுத்தத்தைப் பைப்பால் தர முடியாது. எனவே பூஸ்டர் பம்ப் வேண்டும், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த சாதாரண ஷவரோடு மகள் சமாதானமாக வேண்டும். பம்ப் என்று முடிவானால் தொட்டியிலிருந்து மாடிக்குத் தனி லைன், கீழ்த்தளத்துக்குத் தனி லைன். இரண்டையும் ஒரே பைப்பில் எடுத்தால் பம்ப்பின் அழுத்தம் முழு வீட்டுக்கும் போகும்.

தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனிலும் வால்வுக்குப் பிறகு ஒரு சிறு பைப்பை நேரே மேலே எழுப்பி, தொட்டியின் நீர்மட்டத்தைத் தாண்டி வளைத்து விடச் சொல்லுங்கள். பம்ப் வைத்த லைனுக்கு மட்டும் அதைப் பம்ப்புக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். தொட்டி காலியாகி மறுபடி நிறையும்போது பைப்பில் சிக்கும் காற்று அதன் வழியே வெளியேறும். அது இல்லாத வீடுகளில்தான் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் இருமிக்கொண்டே இருக்கும்.

எந்த பைப் என்று கேட்டீர்கள். சுடுநீர் ஓடும் இடத்தில் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி அல்லது பிபிஆர். குளிர்நீர் மட்டும் என்றால் யுபிவிசி பிளாஸ்டிக் போதும், அதைச் சுடுநீரில் ஒருபோதும் வைக்காதீர்கள். எல்லாமே நல்ல பைப்தான். கசிவது பைப் அல்ல, இணைப்பு. சிபிவிசிக்கு அதற்கான சால்வன்ட் (ஒட்டும் பசை), யுபிவிசிக்கு அதற்கான சால்வன்ட், ஒரே டப்பாவைத் தொட்டு இரண்டிலும் பூசுகிறவரை அங்கேயே நிறுத்துங்கள். வெட்டிய விளிம்பின் பிசிறைச் சீவினாரா, துடைத்தாரா, இரண்டு பக்கமும் பூசினாரா, செருகிக் கால் சுற்று திருப்பிச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தாரா? இவ்வளவையும் பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால் பார்த்துவிடலாம். மரை உள்ள இடத்தில் டெஃப்லான் டேப் மட்டும். பிளாஸ்டிக் மரையை ரெஞ்சால் முறுக்கி வீரம் காட்டினால் அன்று கசியாது, ஆறு மாதம் கழித்து விரியும்.

சுடுநீர் பைப் நீளும் என்பதைப் பலர் நம்புவதில்லை. 10 மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூடேறினால் சுமார் 25 மி.மீ. நீளும். நீண்ட ஓட்டத்தில் ஒரு வளைவு விட்டு, கிளாம்ப் இறுக்காமல் பிடித்தால் போதும். வெளிச்சுவரில் வெயில் படும் பைப்புக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் வகைப் பெயின்ட் ஒரு கோட்.

பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும்போது நேர்குத்தாக வெட்டினால் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது, கிடைமட்டமாக என்றால் ஆறில் ஒரு பங்கு. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்பது முக்கால் அங்குலம்தான். அதில் பைப்பே அடங்காது. எனவே மெல்லிய சுவரில் கிடைமட்டக் காடி வேண்டாம். தரையோரமாகவோ மேலேயோ கொண்டுபோய் நேரே இறக்குங்கள்.

கழிப்பறைப் பீங்கானையும் ஷவர் டைவர்ட்டரையும் (சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து விட, சுவருக்குள் பதிக்கும் வால்வு) பூச்சுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வீட்டில் தரைக்குள் இறங்கும் கழிப்பறை வாயைப் பூசாத சுவரிலிருந்து சரியாக 12 அங்குலம் அளந்து வைத்தேன். பூச்சும் டைலும் ஏறியபின் பதினொன்றுகூட இல்லை. பீங்கான் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. புதுத் தரையை உடைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அளவெல்லாம் முடிந்த முகத்திலிருந்து என்று பிளம்பரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வரைபடத்துக்கும் இதேதான் வழி. தாளில் போடச் சொன்னால் சிரிக்கிறவரிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்துச் சுவரிலேயே போடச் சொல்லுங்கள். சுடுநீர் இடப்பக்கம், குளிர்நீர் வலப்பக்கம், கெய்சர் எங்கே, ஒவ்வொரு குளியலறைக்கும் மூடுகிற வால்வு எங்கே, எல்லாம் உயரத்தோடு. கெய்சரின் பாதுகாப்பு வால்விலிருந்து வரும் சிறு பைப்பை அடைக்காமல் வெளியே விட வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். சொட்டுகிறது என்று அதை அடைப்பவர்கள் உண்டு. கொதிகலனின் மூச்சை அடைப்பது அது.

பைப் ஓட்டி ஒருநாள் காய்ந்தபின் அழுத்தச் சோதனை. எல்லா வாயையும் மூடி, தண்ணீர் நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, கைப்பம்ப்பால் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்காவது ஏற்ற வேண்டும். பூஸ்டர் 3 பார் தருமென்றால் குறைந்தது நாலரை. அழுத்தம் காட்டும் மானியின் முள்ளைப் போட்டோ எடுத்துவைத்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரவு குளிர்ந்தால் முள் சற்று இறங்கும், அது கசிவில்லை, காலை வெயிலில் திரும்பி வரும். இறங்கிக்கொண்டே போனால்தான் இணைப்புகளைத் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது. இறுக்கிய காற்றில் பிளாஸ்டிக் பைப் உடைந்தால் வெடிகுண்டுச் சில்லாகப் பறக்கும்.

கழிவு பைப்புக்கும் சோதனை உண்டு. யாரும் செய்வதில்லை. அடியில் அடைத்து மேல்வரை தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

நல்ல தண்ணீர் லைனைச் சோதனை முடிந்ததும் வடித்துவிடாதீர்கள். பூச்சு, டைல் வேலை முடியும்வரை கொஞ்சம் அழுத்தத்தோடு மானியும் அப்படியே இருக்கட்டும். டைல்காரரின் ஆணி பைப்பில் பட்டால் அந்த நிமிடமே தண்ணீர் பீய்ச்சிக் காட்டிக்கொடுக்கும். யார் செய்தது என்ற சண்டையும் வராது.

சோதனைக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு மணி நேரம் உங்களுக்கு வேலை. ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைத் தரையிலிருந்து நேராகவும் மூலையிலிருந்து குறுக்காகவும் பிடித்துப் பைப்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். பெயர் போட்டுச் சேமித்து இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள், போன் தொலையும். கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும் நாளில் அந்தப் படம்தான் உதவும்.

இவ்வளவும் அடுத்த வாரத்துக்குள் முடியாது. முதலில் பொறியாளர், பிறகு எலக்ட்ரீஷியன், பிறகு பிளம்பரோடு சாக்பீஸ். பூச்சுக்காரருக்கு இன்றே போன் செய்து, குறைந்தது ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லிவிடுங்கள். முன்பணம் வாங்கியிருப்பார், கோபப்படுவார். வந்தே தீருவேன் என்றால் அதுவரை படுக்கையறைச் சுவர்களை மட்டும் பூசட்டும், அங்கே பைப் இல்லை.